கல்மேட்டுக்கு ஒரு நட்சத்திரம்

பழைய கட்டடங்களைப் போய்ப் பார்த்து, கைபேசி வரைபடத்தில் அவற்றுக்கு மதிப்புரை எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. யாரும் கேட்டு எழுதுவதில்லை. யாரும் சம்பளம் தருவதும் இல்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் பல வருடங்கள் துணை ஆசிரியராக உட்கார்ந்து, மற்றவர்கள் போய்ப் பார்த்து வந்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்த பிறகு பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. அதுவும் அடுத்தவர் எழுத்துதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செஞ்சிக்குப் பேருந்து ஏறினேன். கோட்டையில் ஏறி இறங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நான் பார்த்ததை நானே எழுதினேன். அப்படி ஆரம்பித்தது.

அங்கே எனக்கு முன்னால் எழுதியவர்களைப் படித்தபோதுதான் இதற்கு ஆள் தேவை என்று தோன்றியது. கோட்டைக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்த ஒருவர் 'லிஃப்ட் வசதி இல்லை' என்று காரணம் எழுதியிருந்தார். கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போன ஒருவர் புலி இல்லாததால் இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். ஒரு குடைவரைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் எழுதியது முழுக்கப் பக்கத்து ஊர் பரோட்டாவைப் பற்றி. நல்ல பரோட்டாவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வெயிலில் குழந்தையோடு அந்தக் குன்றில் ஏறப்போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

எனக்குச் சில விதிகள் உண்டு. நுழைவுச் சீட்டு இருந்தால் சொந்தக் காசில் வாங்குவேன். எழுதப்போகிறவள் என்று உள்ளே யாரிடமும் சொல்ல மாட்டேன். எந்த நூற்றாண்டு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எழுத மாட்டேன். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பிற்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும், தனியாக வரும் பெண் எத்தனை மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதுவேன். நான் கொடுக்கும் நட்சத்திரம் கட்டிய அரசனுக்குச் சேராது. இன்றைக்குப் பேருந்தை விட்டு இறங்கி நடந்து வருகிறவருக்கு அந்த இடத்தில் என்ன கிடைக்கிறதோ, அதற்குத்தான் அது. இத்தனை வருடத்தில் எந்த ராஜாவும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டவர் எனக்கு வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்.

வேங்கிக்காலில் அவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தேன். அந்த வீடு எனக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. வீடு தேடி அலைந்த நாட்களில் எல்லா வாசலிலும் ஒரே உரையாடல்தான். சார் எங்கே வேலை செய்கிறார் என்பார்கள். சார் இல்லை என்பேன். அப்படியென்றால் யார் இருக்கப்போகிறீர்கள் என்பார்கள். நான்தான் என்பேன். அது சரி, கூட யார் என்பார்கள். கூட யாரும் இல்லை என்றதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். வீட்டுக்கு நேற்றே யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்று தெரியவரும். இவர் மட்டும் அந்தக் கேள்வி எதையும் கேட்கவில்லை. மாடியில் வெயில் ஜாஸ்தியாக இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை.

அடி அண்ணாமலைப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பம் அவர்களுடையது. அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி என்னை அக்கா என்பார். அவர்கள் வீட்டில் கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வந்துவிடும். நிலத்தில் ஒரு பகுதி கைமாறியதும், மற்றொரு பகுதியை மனைவியின் தம்பி மனையாகப் பிரிக்கப்போவதும் பேச்சுவாக்கில் எனக்குத் தெரியும். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை.

அடி அண்ணாமலையைத் தாண்டி, மலை சுற்றும் பாதையிலிருந்து விலகி மேற்கே கொஞ்சம் நடந்தால் ஒரு தாழ்ந்த பாறை இருக்கிறது. அதன்மேல் மூன்று பக்கம் மட்டும் மிஞ்சிய ஒரு கற்சுவர். கூரை இல்லை, சிற்பம் இல்லை, எழுத்து இல்லை. சுவரின் உயரம் என் தோள் வரைக்கும் வரும். காவல் வைத்த இடம் என்று சிலர் சொல்வார்கள், தானியம் வைத்த இடம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லாததால் நான் எதையும் எழுதவில்லை. ஊரில் அதற்குக் கல்மேடு என்று பெயர். சுண்ணாம்போ மண்ணோ வைத்துப் பூசாமல் கட்டியது. பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இடையில் உள்ள சந்துகளில் கைப்பிடி அளவுள்ள சிறு கற்களைச் செருகி இறுக்கியிருந்தார்கள். எவ்வளவோ மழைக்கும் வெயிலுக்கும் அந்தச் செருகு கற்கள்தான் சுவரை அசையாமல் பிடித்து வைத்திருந்தன. அங்கே நின்றால் மலையின் மேற்கு முகம் முழுவதும் தெரியும். நகரத்திலிருந்து பார்க்கும் மலை அது இல்லை என்றே தோன்றும். நான் நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தேன். தண்ணீர் இல்லாததற்காக ஒன்றைக் குறைத்தேன்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே போனபோது பாறை முழுக்கச் சிறு கோபுரங்கள் நின்றன. மூன்று கல், ஐந்து கல், ஏழு கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கோயில் குன்றுகளுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. சொந்த வீடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கல்லை அடுக்குவார்கள். எத்தனை கல்லோ அத்தனை மாடி என்றும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் கல்மேட்டில் அந்தப் பழக்கம் இருந்ததில்லை. அங்கே சாமியும் இல்லை.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் அப்போதும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி பாறையில் உட்கார்ந்திருந்தார். கணவர் சுவரோரம் குனிந்து, செருகு கல் ஒன்றை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக் கொண்டுவந்தார். அடுக்க வேறு கல் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"கீழ கெடக்கறது உருண்டையா இருக்குது மேடம், நிக்க மாட்டேங்குது. இதுதான் தட்டையா, அளவா இருக்குது" என்றார் அவர்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குச் சொந்த வூடா?"

"வாடகை" என்றேன்.

"அப்ப சும்மா நின்னுக்குனு இருந்தா எப்பிடி? நீங்களும் ஒண்ணு வைங்க. ஏங்க, மேடத்துக்கு ரெண்டு நல்ல கல்லா பாத்து எடுத்துக் குடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். சுவரின் மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் செருகு கற்கள் ஏறக்குறைய எல்லாமே போயிருந்தன. மேலே இருந்த பெரிய கல் ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. கையால் தொட்டதும் ஆடியது. அதற்கு நேர் கீழே, நிழல் விழும் இடத்தில், யாரோ சாப்பிட்டுவிட்டுப் போட்ட இலைகள் கிடந்தன. அங்கேதான் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இறங்கி வரும்போது வேறு வழியாக வந்தேன். பாறைக்குத் தெற்கே இருந்த கேழ்வரகு வயலில் இப்போது செம்மண் பாதைகள் போட்டு, அளவுக் கற்கள் நட்டு, கலர் கொடிகள் கட்டியிருந்தார்கள். வாசலில் வளைவு. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. 'கல்மேட்டில் கல் அடுக்குங்கள், சொந்த வீட்டுக் கனவை நனவாக்குங்கள்' என்று எழுதி, பாறையை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. பலகையும் வளைவும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன். பலகையில் இருந்த நிறுவனத்தின் பெயர் எனக்குப் பழக்கமில்லாதது.

அன்று சாயங்காலமே, ஊரில் சிலரை விசாரித்துவிட்டு, பழைய மதிப்புரையை மாற்றினேன். ஒரு நட்சத்திரம். கீழே இப்படி எழுதினேன்:

'சுவரின் மேற்குப் பக்கம் சரிந்துவருகிறது. வீடு வேண்டி இங்கே அடுக்கப்படும் கற்கள் தரையில் கிடந்தவை இல்லை, சுவரின் சந்துகளிலிருந்து பிடுங்கியவை. அவை போனால் பெரிய கற்கள் நிற்காது. கல் அடுக்கச் சொல்லும் பலகை பக்கத்து மனைப்பிரிவின் வாசலில் இருக்கிறது. இந்த வேண்டுதல் முன்பு இங்கே இருந்ததாக நான் விசாரித்தவர்களில் யாரும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள் வரலாம். சுவரைத் தொட வேண்டாம். மேற்குச் சுவரின் அடியில் உட்கார வேண்டாம்.'

எழுதியதை இரண்டு முறை படித்தேன். எடுக்க வேண்டிய சொல் எதுவும் தெரியவில்லை. பதிவேற்றினேன்.

அந்த வாரமே வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாடகை வாங்கக்கூட அவர் மேலே ஏறியதில்லை. காபி கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் மாடித் தொட்டியைப் பற்றியும் பேசினார். பிறகு, கல்மேட்டுப் பக்கத்து மனைகள் தங்களுடையவைதான் என்றார். பெயர் மச்சானுடையது, நிலம் தன்னுடையது. அடுத்த பௌர்ணமி அன்று விற்பனை தொடங்கப்போகிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் கைபேசியில் இடத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டியதும் முதலில் வருவது என் எழுத்து.

"சுவரு சரியுதுனு போட்டிருக்கீங்க. அதப் படிச்சவன் அதுக்குப் பக்கத்துல மனை வாங்குவானா மேடம்?"

"தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க. இப்பவே உங்க முன்னாடியே மாத்தறேன்."

"தப்புனு நான் சொன்னனா? தப்பா இருந்தா நான் ஏன் மாடி ஏறி வர்றேன், போங்கடானு உட்டுட்டுப் போயிருப்பேன். சரியா இருக்கறதாலதான் எடுத்துடுங்கனு கேக்கறேன்."

இதற்கு முன்னும் இதற்குப் பின்னும் இவ்வளவு நேர்மையான வேண்டுகோளை நான் கேட்டதில்லை. செய்தித்தாளில் இருந்தபோது மறுப்பு அனுப்பியவர்கள் எல்லோரும் செய்தி பொய் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பலகையை எடுத்துவிடுங்கள், நானே ஆள் வைத்துச் சுவரைச் சுற்றிக் கயிறு கட்டுகிறேன், அதையும் எழுதி நட்சத்திரத்தையும் கூட்டுகிறேன் என்றேன். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அந்த வேண்டுதலைக் கண்டுபிடித்ததே மச்சான்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூட்டம் வருகிறது, வருகிறவர்கள் மனையைப் பார்க்கிறார்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கும் அங்கே ஒரு சின்ன மனையைக் குறைந்த விலையில் ஒதுக்கித் தர முடியும் என்றார். காலத்துக்கும் வாடகை வீட்டிலேயே இருக்க முடியுமா என்றார்.

அதை அவர் லஞ்சமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்காக யோசித்தார். அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது. ஒரு நிமிடம் அந்தச் செம்மண் நிலத்தில் ஒரு அறையும் சமையலறையும் நின்றதை நான் பார்த்தேன். யாரும் வந்து கூட யார் என்று கேட்காத வீடு.

"முடியாதுங்க" என்றேன்.

அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்ப வீட்டப் பத்தி நான் யோசிக்கணும் மேடம். பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன்."

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவருடைய மனைவி வந்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடியே பேசினார். தம்பிக்கு உருப்படியாக அமைந்த முதல் தொழில் இது, இதற்கு முன் தொட்டது எதுவும் தேறவில்லை என்றார். எடுக்கச் சொல்வது ஒரு வரிதானே என்றார். பிறகு, "இந்த வயசுல மறுபடியும் வீடு வீடா ஏறி எறங்குவீங்களா அக்கா? நான் கேக்கறது உங்களுக்காகத்தான்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

பேருந்து இல்லாத இடங்களுக்கு நான் வழக்கமாகக் கூப்பிடும் ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். நகரத்தில் தலைமுறைகளாக இருக்கும் இஸ்லாமியக் குடும்பம். எனக்காகக் காத்திருக்கும் நேரத்தில் என் மதிப்புரைகளைக் கைபேசியில் படித்துவிட்டு, தன்னுடைய ஆட்டோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று குறைப்படுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு ஸ்டாருக்காக ஒரு வூட்டயே உடறீங்களா?"

"ஆமாம்."

"ரெண்டு ஸ்டாரா போட்டா ஒத்துக்குவாங்களா?"

"ரெண்டு போடற மாதிரி அங்க ஒண்ணும் இல்ல."

"சரி, அப்ப வூடு பாக்கலாம்" என்று வண்டியைக் கிளப்பினார். அதற்குமேல் அவர் அதைப் பற்றி விவாதிக்கவில்லை.

வீடு பார்த்தோம். ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் எல்லாம் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. கேள்விகள் அப்படியே இருந்தன. என் வயது மட்டும் கூடியிருந்தது. ஒரு வீட்டில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டோக்காரரைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று கேட்டார்கள். ஆட்டோக்காரர் என்றேன். அது தெரிகிறது, உங்களுக்கு யார் என்றார்கள். திரும்பி வரும் வழியில் அவர், அடுத்த முறை தெருமுனையிலேயே நின்றுகொள்வதாகச் சொன்னார். வேண்டாம், வாசலிலேயே நில்லுங்கள் என்றேன். அதைப் பார்த்துத் தராமல் போகிற வீடு எனக்குத் தேவையில்லை.

இதற்கிடையில் கல்மேட்டுக்கு நட்சத்திரங்கள் கொட்டின. ஒரே நாளில் வரிசையாக ஐந்து ஐந்தாக வந்தன. படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. 'தெளிவான பட்டா. நன்றி' என்று ஒருவர் அந்தப் பழைய சுவருக்கு எழுதியிருந்தார். 'நல்ல குடிநீர், முப்பதடிச் சாலை, உடனே வீடு கட்டலாம்' என்று இன்னொருவர். 'வங்கிக் கடன் வசதி உண்டு' என்று ஒருவர். மனைக்கு எழுதச் சொன்னதை எல்லோரும் கல்மேட்டில் எழுதிவிட்டார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களில் ஒருவர் மட்டும் என்னைப் பற்றி எழுதியிருந்தார். 'கீழே உள்ள மதிப்புரை பொறாமையால் எழுதப்பட்டது. எழுதியவருக்குச் சொந்த வீடு கிடையாது.'

சொந்த வீடு இல்லாததை வெளியாட்களிடம் நான் அதிகம் சொல்வதில்லை. யார் சொல்லி அது அங்கே போனது என்று யோசிக்கவும் விரும்பவில்லை. அதற்குக் கீழேயே பதில் எழுதினேன். 'எனக்குச் சொந்த வீடு இல்லை என்பது உண்மை. சுவர் சரிகிறது என்பதும் உண்மை.'

பௌர்ணமி அன்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். ஆட்டோக்களைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவதால், கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் போனேன். மனைப்பிரிவின் வளைவில் வாழைமரம் கட்டி, நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் கால் வைக்க இடமில்லாமல் கோபுரங்கள். சுவரில் கை நீட்டிய இடமெல்லாம் பல் விழுந்த வாய்போல இருந்தது. மேற்குச் சுவரின் உள்பக்க நிழலில் இரண்டு குடும்பங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கல்லைக் காட்டி எழுந்து வரச் சொன்னேன். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பிறகு நான் அடுக்குகளைக் கலைக்க ஆரம்பித்தேன்.

முன்கூட்டியே யோசித்துச் செய்த காரியமில்லை. சுவரோடு ஒட்டியிருந்த கோபுரத்தில் மேல் கல்லை எடுத்து, அது வந்த சந்தில் செருகினேன். அடுத்ததையும் எடுத்தேன். நான்காவது கோபுரத்துக்கு வருவதற்குள் கூட்டம் பார்த்துவிட்டது. அடுத்தவர் வேண்டுதலைக் கலைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஏம்மா, அது எங்க வூடு" என்று ஒரு பெண் ஓடிவந்தார். "இப்பதாம்மா வெச்சோம். ரெண்டு மாடி வெச்சிருக்கோம்."

"உங்க வீடு இல்லம்மா, இந்தச் சுவரோட கல்லு."

"கல்லுல என்னா எழுதியா வெச்சிருக்குது? அடுத்தவங்க வூட்ட இடிக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"அந்தப் பக்கம் தரையில நெறைய கல்லு கெடக்கு. அதுல வைங்க. மாடி ஒண்ணும் கம்மியாகாது."

அவர் என்னைத் திட்டிக்கொண்டே போய்த் தரைக்கல்லைப் பொறுக்கினார். வேறு சிலரும் போனார்கள். சிலர் போகவில்லை, தங்கள் அடுக்குகளுக்குக் காவலாக நின்றுகொண்டார்கள். நான் செருகிய கற்களில் பாதி நிற்கவில்லை. ஒரு முறை பிடுங்கிய கல் பழைய இறுக்கத்தில் உட்காராது. செருகச் செருக விழுந்தன. அது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இருந்தும் நிறுத்தவில்லை. பிடுங்க வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்தத் தயக்கமாவது சுவருக்கு மிச்சம்.

யாரோ சொல்லி வீட்டுக்காரரும் மச்சானும் வந்தார்கள். மச்சானுக்கு வெள்ளை வேட்டி, கழுத்தில் மாலை. எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"பாத்துக்குங்க. வாடக வூட்ல இருந்துக்குனு ஊரான் வூட்டயெல்லாம் இடிக்கறாங்க மேடம்."

சிரிப்பு எழுந்தது. அந்த ரெண்டு மாடிப் பெண்தான் முதலில் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். கல் உரசி விரல் நுனியில் ரத்தம் வந்திருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்காக நான் காத்திருக்கவில்லை. என்னை நன்றாக நடத்திய மனிதரை அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல வைக்க விருப்பமில்லை. சொல்லி, என்னைக் கேட்க வைக்கவும் விருப்பமில்லை.

"இந்த மாசத்தோட காலி பண்றேங்க" என்று அவரிடம் சொன்னேன். "எழுதினது அங்கேயேதான் இருக்கும்."

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். வீட்டுக்காரர் அவருடைய தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துப் போனார். நான் வெளிச்சம் இருக்கும் வரை அங்கே இருந்துவிட்டு இறங்கினேன்.

அப்போது கையில் வேறு வீடு இல்லை. மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஆட்டோக்காரர் அவருடைய உறவில் ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கணவர் விட்டுப்போன மெத்தைக் கடையை நடத்துகிறவர். பஞ்சு பறக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஓட்டுக் கூரை. அவர் கூட யார் என்று கேட்கவில்லை. கீழே பஞ்சு அடிக்கும் சத்தம் ஜாஸ்தி, பிரியாணி வாசனையும் ஜாஸ்தி என்று மட்டும் எச்சரித்தார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று, நான் என்ன எழுதுகிறேன், முந்தைய வீட்டை ஏன் விட்டேன் என்று சொன்னேன். நாளைக்கு அவருடைய சொந்தக்காரர் யாரைப் பற்றியாவது எழுத நேர்ந்து, அதை எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டார். "பழைய கட்டடம்தான் எழுதுவியா?"

"ஆமாம்மா."

"இதும் பழைய கட்டடம்தான். மழ வந்தா அந்த மூலைல ஒழுவும். எழுதிக்கோ."

"எழுதினா அழிக்கச் சொல்லக் கூடாது."

"பொய்யா எழுதுனா மேல வந்து சண்ட போடுவேன். நெசமா இருந்தா ஓடு மாத்தற வரைக்கும் கெடக்கட்டும்."

சாமான்களை ஏற்றிய அன்று வேங்கிக்கால் வீட்டுக்காரர் வாசலுக்கு வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். பீரோவைத் திருப்பி இறக்க ஆட்களுக்கு வழி சொன்னார். புது வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். நல்ல தண்ணீர் என்றேன். போகும்போது, தம்பியின் மனையில் பாதிகூடப் போகவில்லை என்றார். குற்றம் சொல்லும் குரலா, வேறு ஏதாவதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததுபோல நிற்கவில்லை.

பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது. மேற்குச் சுவரின் மேல் வரிசையில் இரண்டு பெரிய கற்கள் ஐப்பசி மழையில் விழுந்துவிட்டன. யார்மேலும் விழவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் போய்ப் பார்த்து, புதுப் படத்தைச் சேர்த்துவிட்டு வருகிறேன். போன வாரம் என் மதிப்புரைக்குக் கீழே, விழுப்புரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். குழந்தைகளோடு வரலாமா, உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா என்று.

'வரலாம்' என்று எழுதினேன். 'சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கிழக்குப் பக்கம் ஒரு வேம்பு இருக்கிறது. காலை பதினோரு மணி வரை அதன் நிழல் போதும். தண்ணீர் கொண்டுவாருங்கள்.'